அண்ணி வரைந்த பின்னலும் நான் எழுதிய பெயரும்

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை மார்பிலும் முதுகிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஆறடிக்கு மேல் உயரமான ஒரு வெள்ளைக்காரர் ஈரப் புல்லில் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கேடயம் கிடந்தது. அதுவும் தேயிலைப் பெட்டிப் பலகைதான். உற்றுப் பார்த்தால் சிவப்புச் சாயத்துக்கு அடியில் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

அவருக்கு முன்னால், நீலப் போர்வையைத் தோளில் போட்டு, பித்தளைத் தகட்டில் செய்த கிரீடத்தைத் தலையில் வைத்த ஒரு பெண்மணி நின்றார். கையிலிருந்த சுருளை விரித்து உரக்க வாசித்தார். பிரம்புக் கத்திச் சண்டையில் அந்த மனிதர் காட்டிய வீரத்தைப் புகழ்ந்து நாலு வரி. வாசித்து முடித்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மண்டியிட்டவர் எழுந்து சுருளை வாங்கினார். எழுத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த பின்னலின் மேல் விரலை வைத்து, ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே போனார். அவருடைய மனைவி வந்து எட்டிப் பார்த்து, அவரும் விரலை வைத்தார்.

அந்த எழுத்தை எழுதியவள் நான். பின்னலை வரைந்தவள் நான் அல்ல. அந்த இரண்டு விரல்களும் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

கொத்மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடத்துக்கு வந்த தொரசாணி

சென்ற வாரம் காசிம் நானாவின் அச்சுக்கூடத்துப் பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். பூனையை விசாரித்து நாலைந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. என்னை விசாரித்து ஒன்றும் வரவில்லை. பொறாமை என்னோடு கூடப் பிறந்தது. அது ஒரு பூனையைக்கூட விட்டுவைப்பதில்லை என்பதை இந்த வாரம் படித்து முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நுவரெலியா பஜாரில் காசிம் நானாவின் சின்ன அச்சுக்கூடத்தில் எனக்கு வேலை. கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடச் சான்றிதழ். அச்செழுத்தில் வராத அலங்கார எழுத்தையெல்லாம் நான் கையால் எழுதிக் கொடுப்பேன். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்ணன் அந்தோனியின் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

ஒரு நாள் மழையோடு மழையாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தார். நானா என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த நோனா என்னமோ பழைய காலத்து எழுத்து கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க வந்து பேசுங்க."

அவர் பெயர் மொய்ரா; எங்கள் பேச்சில் தொரசாணி. அயர்லாந்துக்காரர். அணை கட்டும் பொறியியலாளர் ஒருவரின் மனைவி. கொத்மலையில் வெளிநாட்டுக் குடும்பங்கள் இருந்த முகாமில், பொழுது போகாமல், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜா ராணி போல உடை தைத்துப் போட்டு, பிரம்புக் கத்தியால் சண்டைப் போட்டி நடத்தப் போகிறார்களாம். அவருடைய ஊரில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றனவாம். வெற்றி பெற்றவர்களுக்கும், நன்றாகச் சமைத்தவர்களுக்கும், நன்றாகப் பாடியவர்களுக்கும் ராணி கையால் பட்டயச் சுருள் கொடுக்க வேண்டும். ஒன்பது சுருள்கள். அந்தக் காலத்து அயர்லாந்துத் துறவிகள் வேதாகமத்தை எழுதியது போல இருக்க வேண்டும்.

பையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து விரித்தார். அந்த மாதிரிப் பக்கங்களை நான் அதுவரை பார்த்ததில்லை. உருண்டை உருண்டையாக எழுத்துகள். முதல் எழுத்து மட்டும் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது; அதைச் சுற்றி மணல் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். ஓரமெல்லாம் கயிறு கயிறாகப் பின்னல். பின்னலுக்குள் வாலைக் கடித்துக்கொண்டு நாய்களும் பறவைகளும்.

"உங்களால் முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முடியும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

ஸ்டெல்லாவின் எழுத்து

யோசிக்காமல் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து என்னைக் கன்னியர் மடப் பள்ளியில் உயர்தரம் வரை படிக்க வைத்தார். அங்கே என் கையெழுத்துக்குப் பெயர் இருந்தது. ஆனாலும் எட்டாம் வகுப்பில் கையெழுத்துக்கான முதல் பரிசை ஸ்டெல்லா என்ற பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அவள் எழுதும் ஆங்கில 'கே' இன்றைக்கும் என் கண் முன்னால் நிற்கிறது. அப்படியொன்றும் பிரமாதமான 'கே' இல்லை.

அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் அழகாக எழுதிவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

தொரசாணியின் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் பழகினேன். பட்டை முனைப் பேனாவைச் சாய்க்காமல் தட்டையாகப் பிடித்தால்தான் அந்த உருண்டை வருகிறது. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஆப்பு வைத்தது போல ஒரு சின்ன முக்கோணம். தங்கத்துக்கு வழியில்லை. கல்யாணக் கார்டில் தூவும் பொன்னிறப் பொடியைக் காசிம் நானாவிடம் கேட்டு வாங்கி, பிசின் கரைசலில் குழைத்துக்கொண்டேன். எழுத்து வசப்பட்டுவிட்டது. என் எழுத்தைப் பார்த்து எனக்கே கர்வமாக இருந்தது.

பின்னல்தான் வரவில்லை.

பென்சிலால் புள்ளி வைத்து, கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, தாள் கிழிந்ததுதான் மிச்சம். புத்தகத்தைப் பார்த்து அப்படியே வரைந்தாலும் நாலாவது வளைவில் கயிறு சிக்கிக்கொண்டது.

"இது ரெண்டு தடவ மேல போகுது"

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஞானம் அண்ணியைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் அதிகம் எழுதவில்லை. எழுதாததற்கும் இன்றைக்குச் சொல்லப்போவதுதான் காரணம்.

அண்ணி கொழுந்து பறிப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவருடைய அப்பா மூங்கிலைச் சீவிக் கொழுந்துக் கூடை பின்னுகிறவர். அண்ணியும் பின்னுவார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் யாருடைய கூடை பிய்ந்தாலும் அண்ணியிடம்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் தாளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, இந்த எடத்துல பாருங்க. இது ரெண்டு தடவ மேல போகுது."

"என்ன மேல போகுது?"

"இந்தக் கயிறு. மேல போனா அடுத்தது கீழ போகணும். நீங்க மேலயே வுட்டுட்டீங்க. அதான் கடசியில வந்து முட்டிக்கிட்டு நிக்குது."

பார்த்தேன். ஆமாம்.

"குடுங்க" என்று பென்சிலை வாங்கினார். அடிமட்டம் கேட்கவில்லை. சீனி சுற்றி வந்த பழுப்புத் தாளின் பின்பக்கத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்கினார். ஒரு கோடு வளைந்தது, இன்னொன்றுக்கு அடியில் போனது, வெளியே வந்தது, திரும்பியது. தேங்காய்ப்பூ காய்வதற்குள் தாளின் நாலு ஓரமும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துவிட்டது.

"கூடைக்கு வாய் கட்டுற மாதிரிதான். இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குப் போனார்.

இதுல என்ன இருக்கு. அந்தச் சொல்தான் எனக்குள் போய்த் தைத்தது. இரண்டு வாரம் நான் பட்ட பாடு அவருக்கு ஒன்றுமே இல்லை. வேண்டுமென்று சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்ததால் இன்னும் வலித்தது.

வேறு வழியில்லாமல் பின்னலை அண்ணியிடம் கொடுத்தேன். நான் எழுத, அவர் வரைந்தார். கொழுந்து மலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும் வரை உட்காருவார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். தாளில் ஒரு பொட்டுக் கறை படாது. புத்தகத்து மிருகங்களுக்கு எங்கள் லயத்து நாயின் முகத்தைக் கொடுத்தார். அது வாலைக் கடித்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுருளின் பின்பக்கத்தில் எழுதியவர் பெயரைச் சின்னதாக இடுவது அந்தச் சங்கத்து வழக்கம் என்று தொரசாணி சொல்லியிருந்தார். நான் ஒன்பதிலும் என் பெயரை மட்டும் எழுதினேன்.

மூன்றாவது சுருளைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார்: "பின்னால என்ன எழுதுறீங்க?"

"தேதி" என்றேன்.

முகாமில் நடந்தது

போட்டியன்று என்னை அழைத்துப்போக முகாமிலிருந்து ஜீப் வந்தது. பின்னல் போட்டவரையும் கூட்டிவரச் சொல்லத் தொரசாணிக்கு வழியில்லை. அப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அண்ணி வாசலில் நின்று, "போய்ட்டு வந்து எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். எனக்குத் தன்னுடைய நல்ல சால்வையைக் கொடுத்தார். அதையும் போர்த்திக்கொண்டுதான் போனேன்.

முதலில் சொன்னேனே, வெள்ளித்தாள் கட்டியவர் மண்டியிட்டது, அது அன்றைக்குத்தான். ஒன்பது பேர் சுருள் வாங்கினார்கள். ஒன்பது பேரும் பின்னலின் மேல் விரலை ஓட்டினார்கள். எழுத்தின் மேல் ஒரு விரல்கூடப் போகவில்லை.

கடைசியில் தொரசாணி என்னை முன்னால் கூப்பிட்டார். பித்தளைக் கிரீடத்தோடு என் தோளில் கைவைத்து, இவர்தான் இதையெல்லாம் செய்தவர் என்றார். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். அணையின் வரைபட அலுவலகத்துக்கு அவர்தான் தலைவராம். பென்சிலில் வரைந்த படங்களை மெல்லிய தாளில் மையால் பிரதி எடுக்க ஆள் தேவைப்படுகிறது என்றார். கையில் ஒரு சுருள் வைத்திருந்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்கள். அடிமட்டம் இல்லாமல் போட்டது, இல்லையா? எங்கேயும் அகலம் மாறவில்லை. இந்தக் கை எனக்கு வேண்டும். திங்கட்கிழமை வருகிறீர்களா?"

வாழ்க்கையில் அப்படி ஒரு வேலையை யாரும் என்னிடம் நீட்டியதில்லை. ஆமென்று சொல்ல வாயெடுத்தேன். அதே நொடியில், திங்கட்கிழமை காலையில் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் போடப்போகும் கோடு கண் முன்னால் வந்தது.

"எழுத்து மட்டும்தான் என்னுடையது. பின்னல் என் அண்ணி வரைந்தது" என்றேன்.

நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம். அகப்பட்டுக்கொள்வேன் என்ற பயம் மட்டும்தான்.

தொரசாணி பெரியவரின் கையிலிருந்த சுருளை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் என் பெயர் தனியாக இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுருளைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

சப்பாத்து

அடுத்த வாரம் தொரசாணி எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். ஜீப்பைப் பார்க்க ஊரே கூடியது. அண்ணிக்கு வரைபட அலுவலகத்தில் வேலை என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். வேறு வழியில்லை. பின்பக்கத்துப் பெயரைப் பற்றியும் அவர் சொன்னார். இனிமேல் இரண்டு பெயரும் வர வேண்டும் என்றார். அதையும் நானே என் வாயால் சொன்னேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தேதின்னு சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான்.

அண்ணி வேலைக்குப் போனார். மலையில் கூடை சுமந்தவர், சப்பாத்துப் போட்டு, படம் ஒட்டிய அட்டையை மார்பில் குத்திக்கொண்டு, முகாமின் பஸ்ஸில் ஏறிப் போனார். முதல் நாள் சப்பாத்து காலைக் கடித்து, நொண்டிக்கொண்டே வந்தார். அண்ணன் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். உயர்தரம் படித்துவிட்டு வந்த எனக்கு அண்ணன் ஒரு நாளும் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

அந்த இரண்டு வருடத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணி ஆபீஸ் கதை சொல்லத் தொடங்கினால் எனக்கு உடனே தலை வலிக்கும். அவருடைய மைப் பேனாவை எங்கேயாவது தள்ளி வைத்துவிட்டு, அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொரசாணி பஜாருக்கு வந்தால் முன்பெல்லாம் என்னைப் பெயர் சொல்லி விசாரிப்பார்; பிறகு, "ஞானம் எப்படி இருக்கிறாள்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு நாள் அண்ணனிடம் மெல்லச் சொன்னேன்: "அண்ணே, அங்க ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. அண்ணி தனியா போய் வாறாங்க. லயத்துல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அண்ணன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீயும் ஆம்பளைங்க இருக்கிற அச்சுக்கூடத்துலதான் வேல செய்ற" என்றார். "ஒன்னைய யாராச்சும் பேசுனா நான் சும்மா இருப்பனா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. பேசியது நான் ஒருத்திதான்.

இடையில் வந்த அந்த எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தைப் பற்றி முன்பே தனியாக எழுதிவிட்டேன். அதைத் தாண்டி வந்த பிறகும் என் பொறாமைக்கு ஒரு கீறலும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

எனக்கு வந்த வேலை

அணையில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். முகாமில் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் புறப்பட்டார்கள். கடைசியாக ஒரு போட்டி நடத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டு தொரசாணி அச்சுக்கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை ஒரே ஒரு சுருள் போதும் என்றார்.

"ஞானத்துக்குக் கொடுக்கப் போகிறோம். அவளுக்குத் தெரியக் கூடாது. அவள் சுருளை அவளே செய்ய முடியாதல்லவா? நீங்கள் செய்யுங்கள்."

எழுத வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் கொடுத்தார். வாசித்தேன். பழைய காலத்து ஆங்கிலம். அதன் நடுவில் ஒரு வரி: இந்தப் பள்ளத்தாக்கில் இந்தக் கைக்கு நிகரான கை வேறு இல்லை.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

"இந்த ஒரு வரியை விட்டுவிடலாமா? இடம் பற்றாது" என்றேன்.

தொரசாணி என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எழுத்தைச் சிறிதாக எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். அச்சுக்கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு நாள். பின்னலுக்கு, தலைமுடி பின்னுவது போல மூன்று புரியில் எளிதாக ஒன்று போட்டேன். எழுத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. கோபத்தோடு எழுதினேனோ என்னவோ, என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் எழுதியதில்லை. அந்த ஒரு வரி வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். பிறகு அதையும் எழுதினேன்.

போட்டியன்று அண்ணியின் பெயரைக் கூப்பிட்டதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன். மண்டியிட வேண்டும் என்று யாரோ கையைக் காட்டினார்கள். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"மாதாவுக்கு முன்னால மட்டுந்தான் மண்டி போடுவேன்னு சொல்லுங்க, தங்கச்சி."

சொன்னேன். தொரசாணி சிரித்துவிட்டு, கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணிக்கு எதிரே நின்று வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டு வருடத்தில் அண்ணி கொஞ்சம் ஆங்கிலம் பழகியிருந்தார். ஆபீஸ் ஆங்கிலம். இது விளங்கவில்லை.

சுருளோடு என்னிடம் வந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"அழகா படம் வரையிறீங்கன்னு எழுதியிருக்கு அண்ணி. நன்றி சொல்லியிருக்காங்க."

"இவ்வளவு நீளமா எழுதி, அவ்வளவுதானா?"

"இங்கிலீசுல அப்படித்தான் நீளமா வரும்."

அண்ணி தலையாட்டினார். சுருளை மெதுவாகச் சுருட்டிக்கொண்டார்.

கேட்ட கேள்வி

முகாம் கலைந்தது. அண்ணியின் வேலையும் அதோடு போனது. கண்டிப் பக்கம் இன்னொரு அலுவலகத்தில் வரைபடப் பிரதி எடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனும் அண்ணியும் போகத் தயாரானார்கள். புறப்படும் முன்பு அண்ணி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து சுருளை எடுத்தார்.

"இதக் கொண்டு போய்க் காட்டலாமா, தங்கச்சி? எதாச்சும் ஒதவுமா?"

நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பை நிறுத்தவில்லை.

"அதுல அப்படி ஒண்ணும் இல்ல அண்ணி."

சுருள் மறுபடி பெட்டிக்குள் போனது. கண்டியில் பரீட்சைச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்புக்கு ஏது சான்றிதழ்? இரண்டு பேரும் அன்றைக்கே திரும்பி வந்தார்கள். அடுத்த மாதம் அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

சுருளைக் காட்டியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. சிரித்திருக்கலாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தடவை ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லியும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை. நான் தீர்மானித்தேன்.

அண்ணி மலைக்குப் போன முதல் நாள் எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபாதர் வாசித்தது

நாலைந்து வருடம் போனது. நான் கலியாணம் முடித்துக் கொட்டகலைக்குப் போய்விட்டேன். அண்ணன் லயத்துக்குப் பக்கத்தில் தனியாக இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார். புகை அண்டாத சுவர் கிடைத்ததும் அண்ணி அந்தச் சுருளைக் கண்ணாடி போட்டு மாட்டினார். வீட்டை மந்திரிக்கப் புதிதாக வந்த பங்குத் தந்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். உருண்டை எழுத்தை மெல்ல மெல்லக் கூட்டி வாசித்தார்.

"இது யாருக்குக் குடுத்ததும்மா?"

"எனக்குத்தான் ஃபாதர். அணைக்கட்டுல வேல செஞ்சப்ப குடுத்தாங்க. நல்லா படம் வரையிறேன்னு எழுதியிருக்கு."

"நல்லா வரையிறீங்கன்னு மட்டுமா?" என்று ஃபாதர் சிரித்தார். "இந்தப் பள்ளத்தாக்குல இந்தக் கைக்கு நிகரான கை வேற இல்லன்னு போட்டிருக்காங்களே. சின்ன விசயம் இல்லம்மா இது."

அண்ணி ஃபாதருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், அண்ணனோடு ரோட்டு வரை அனுப்பி வைத்தார். பிறகு உள்ளே வந்து, கோப்பைகளை எடுக்காமல், எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கண்டிக்குப் போறப்ப கேட்டேன்."

"ம்."

"ஏன் சொல்லல?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. அந்த ஆங்கிலம் அப்போது எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அண்ணி நம்புவது போலக் காட்டிக்கொண்டிருப்பார்.

"பொறாம, அண்ணி" என்றேன்.

அண்ணி அழவில்லை, கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை நகக்கண் வரை ஏறிய கை. பிறகு எழுந்து சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தார்.

"ஃபாதர் பாதிதான் சொன்னாரு. நீங்க வாசிங்க. ஒண்ணு வுடாம வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். அந்த வரி வந்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கி, அதையும் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் சொன்னேன்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றார்.